ஏழாவது ரீலில் வரும் தந்திக்காரர்

ஆலங்கோட்டை வள்ளிநாயகி டாக்கீஸில் ஓடும் படங்கள் ஊர்க்காரர்களின் பேச்சைக் கேட்டு நடக்கத் தொடங்கியது அந்த வருடம் தீபாவளி முடிந்த மறுவாரம், ஒரு செவ்வாய்க்கிழமை. அன்று காலையில் தியேட்டருக்கு எதிரே ஜெகஜோதி டெய்லர்ஸில் காஜா எடுத்துக்கொண்டிருந்த சவரிமுத்து, ஊசியைச் சட்டைக் காலரில் குத்திவைத்துவிட்டு, தீபாவளிப் படத்தில் தம்பி செத்துப்போன சேதி கேட்டு இளமாறன் அழுகிற இடத்தைப் பற்றி, "மூஞ்சியக் காட்டி அழுதிருக்கக் கூடாது வே. முதுகக் காட்டியிருக்கணும். தோளு மட்டும் குலுங்கியிருந்தா ஒரு பய வீட்டுக்குப் போயி சோறு தின்னிருக்க மாட்டான்" என்று சொன்னார், இத்தனைக்கும் அவர் இளமாறனின் பரம ரசிகர், கடைச் சுவரில் மாதா படத்துக்கு அடுத்த இடத்தை அவருக்குத்தான் கொடுத்திருந்தார். மத்தியான ஆட்டத்தில் இளமாறன் முதுகைக் காட்டி அழுதார். தோள் மட்டும் குலுங்கியது. முந்தின நாளும் அதே படத்தைப் பார்த்திருந்த பதினோரு பேர் வெளியே வந்து, வெற்றிலை போட்டுக்கொண்டு, முதுகைக் காட்டியது சரியா தப்பா என்று சைக்கிளை எடுக்காமல் அரை மணி நேரம் பேசினார்கள். நேற்று முகத்தைக் காட்டியவர் இன்று எப்படி முதுகைக் காட்டினார் என்று அவர்களில் ஒருவரும் கேட்கவில்லை.

"நல்ல நடிகன்னா சொன்னாக் கேட்டுக்கிடுவான்" என்றார் சவரிமுத்து, சேதி வந்தபோது.

"எங்க ஆளுக்குச் சொல்ல வேண்டிய அவசியமே கிடையாது அண்ணாச்சி. முதல்லயே சரியாச் செஞ்சிருவாரு" என்றார் மின்வாரிய லைன்மேன் பரமகுரு. அவருடைய ஆள் சந்திரகாந்தன். கம்பத்தில் ஏறி நிற்கும்போதுகூட சந்திரகாந்தனைப் போல ஒரு காலை மடக்கித்தான் நிற்பார். இதற்காக ஜூனியர் இன்ஜினியரிடம் இரண்டு முறை எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருக்கிறார்.

இவர்கள் இருவருக்கும் நடுவில், டூட்டி இல்லாத நேரமெல்லாம், அரசு ஆஸ்பத்திரி நர்ஸ் ஸ்டெல்லா ரவிக்கை தைக்கக் கொடுக்க வந்த சாக்கில் உட்கார்ந்திருப்பார். அந்த ரவிக்கை நான்கு வருடமாகத் தைக்கப்பட்டுக்கொண்டிருந்தது. ஸ்டெல்லாவுக்குக் கதாநாயகர்கள் மேல் பெரிய மதிப்பில்லை. வில்லன் வீரபாகுதான் அவருக்குப் பிடித்த நடிகர், ஏனென்றால் அவர் ஒருவர்தான் மற்றவர்கள் பேசும்போது காது கொடுத்துக் கேட்கிறார் என்பது ஸ்டெல்லாவின் கட்சி.

ஒரு மாதத்துக்குள் ஊர் இதற்குப் பழகிவிட்டது. காலையில் ஜெகஜோதியில் பேசினால் மத்தியான ஆட்டத்திலும், மத்தியானம் பேசினால் சாயங்கால ஆட்டத்திலும் பலன் தெரியும் என்று எல்லோருக்கும் தெரிந்துபோனதால், தையல் துணியே இல்லாதவர்கள்கூடக் கடைக்கு வந்து, வாசல்படியில் உட்கார்ந்து, கதாநாயகி கனகமஞ்சரி அந்த மாமியாரிடம் இவ்வளவு பணிந்து பேச வேண்டுமா என்றும், வீரபாகு கத்தியை எடுக்கும் முன் ஒரு தடவை மூக்கைச் சொறிந்தால் நன்றாயிருக்குமே என்றும், தங்கள் மனக்குறையைச் சொல்லிவிட்டுப் போனார்கள். கனகமஞ்சரி குரலை உயர்த்தினாள், வீரபாகு மூக்கைச் சொறிந்தார். தியேட்டர் முதலாளி, 'அன்பர்கள் தயவுசெய்து பாட்டுக் காட்சிகளில் கை வைக்க வேண்டாம்' என்று டிக்கெட் கவுண்டரில் ஒரு அட்டை எழுதித் தொங்கவிட்டார். படப்பெட்டியோடு வந்த விநியோகஸ்தரின் ஆள் ஒருவர் தன் படத்தில் கதாநாயகன் புதிதாக ஒரு பெருமூச்சு விடுவதைப் பார்த்துத் திகைத்து, ரீலைப் பிரித்து, அடி அடியாக அளந்து பார்த்தார். நீளம் சரியாக இருந்ததால் ஒரு கிளாஸ் சர்பத் குடித்துவிட்டுப் பஸ் ஏறினார். பெட்டி அடுத்த ஊருக்குப் போனதும் நடிகர்கள் பழையபடிதான் நடித்தார்கள். அடுத்த ஊரில் பெண் கட்டியவர்கள் அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்து, "அங்க என்ன நடிப்பு, சும்மா ஒப்புக்கு நிக்கானுவ" என்றபோது ஆலங்கோட்டைக்காரர்களுக்குக் கொஞ்சம் பெருமையாகவும், அந்த நடிகர்களை நினைத்துக் கொஞ்சம் பாவமாகவும் இருந்தது.

எதைப் பேசலாம், எதைப் பேசிப் பயனில்லை என்பதும் நாளாவட்டத்தில் தெரிந்தது. கதை மாறாது. ஒரு படத்தில் தாய் சாகக் கூடாது என்று கீழத்தெருப் பெண்கள் இருபது பேர் திரண்டு வந்து ஜெகஜோதி வாசலில் நின்று பேசினார்கள். சாயங்கால ஆட்டத்தில் தாய் செத்தாள்தான், ஆனால் சாவதற்கு முன் ஒரு செம்பு தண்ணீர் கேட்டு வாங்கி முழுவதும் குடித்தாள், அதுவரை போதும் என்று பெண்கள் சமாதானமாகிவிட்டார்கள். இன்னொன்று, பொய்யாகப் புகழ்ந்தால் படம் கெட்டுப்போகும். பொங்கலுக்கு வந்த சந்திரகாந்தன் படம் சகிக்கவில்லை. ஆனாலும் ரசிகர் மன்றத்தின் மானம் போகக் கூடாது என்று பரமகுருவும் மன்றத்து ஆட்களும் கடையில் உட்கார்ந்து ஒரு மணி நேரம் வாயாரப் புகழ்ந்தார்கள், அன்று மத்தியானம் சந்திரகாந்தன் சுண்ணாம்பு பூசின பொம்மை மாதிரி கையை நீட்டியபடியே இரண்டரை மணி நேரம் நின்றார், கதாநாயகி அவரைச் சுற்றிச் சுற்றி வந்து ஆடினாள். மற்றவர்கள் மூன்று நாள் உண்மையைப் பேசி அவரைப் பழைய நிலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

மாசி மாதத்தில் 'மருதாணி மாளிகை' ஒரு வாரத்துக்கு வந்தது. இருபத்து நான்கு வருடத்துக்கு முந்தின படம், ஏற்கெனவே ஆறு தடவை ஆலங்கோட்டைக்கு வந்து போயிருக்கிறது. இதில் சந்திரகாந்தனுக்குத் தாய் இறந்த தந்தி வரும். அவர் தந்தியைப் பிரித்துப் படித்துவிட்டு, அழாமல், அதை நான்காக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, பையை இரண்டு முறை தட்டுவார். அந்த இரண்டு தட்டுக்காகவே பரமகுரு படத்தை எத்தனையோ தடவை பார்த்தவர். அதற்குச் சற்று முன்னால் தந்தி கொண்டுவந்து கொடுக்கிற ஆள், ஒல்லியாக, காக்கிச் சட்டையில், கையெழுத்து வாங்கிய பிறகு போகாமல் நின்று, நேராக காமிராவைப் பார்ப்பான். தாய் செத்த சேதியைக் கொடுத்துவிட்டு, கண்ணை அகல விரித்துக்கொண்டு, தியேட்டரில் இருக்கும் எல்லோரையும் ஒரு பார்வை. அந்த இடத்தில் பரமகுரு, தன் ஆளின் பெரிய காட்சியை இவன் கெடுக்கிறானே என்ற ஆத்திரத்தில், "ஏலே, எங்கள என்னலே பாக்க? அந்தப் பக்கம் பாரு" என்று கத்துவார், தியேட்டரே சிரிக்கும். முதல் தடவை படம் வந்தபோது கத்தியது. பிறகு அது வழக்கமாகிவிட்டது. பரமகுரு கத்தாவிட்டால் வேறு யாராவது கத்துவார்கள்.

வெள்ளிக்கிழமை சாயங்கால ஆட்டத்திலும் கத்தினார். சிரித்தார்கள்.

சனிக்கிழமை காலையில் முப்பிடாதி கடைக்கு வந்தாள். இடைவேளையில் தியேட்டருக்குள் அவித்த கடலையும் முறுக்கும் விற்கிறவள். தியேட்டர் சைக்கிள் ஸ்டாண்ட் அவள் புருஷன் ஆவுடையப்பன் பொறுப்பில் இருந்தது. கூடையை இறக்கி வைக்காமல் இடுப்பிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"அண்ணாச்சி, ஊருல உள்ள நடிகன் எல்லாம் உங்க பேச்சக் கேட்டுத் திருந்துதான். எங்க வீட்டு ஆளப் பத்தியும் ஒரு வார்த்த பேசினா உங்க வாயி என்ன, தேஞ்சா போயிரும்?"

"ஆவுடையப்பனுக்கு என்ன தாயி? தங்கமான மனுசன். என்ன பேசணும்?" என்றார் சவரிமுத்து.

"தந்தி கொண்டாந்து குடுக்காருல்ல, அத."

கடையில் மிஷின் சத்தம் நின்றது. பரமகுரு முதலில் புரியாமல் சிரித்தார், பிறகு புரிந்து, சிரித்த வாயை மூட மறந்துபோய் அப்படியே இருந்தார். சைக்கிள் ஸ்டாண்ட் ஆவுடையப்பன் தொந்தியும் நரைத்த மீசையுமாக இருக்கிற ஆள். அவருக்கும் அந்தக் காக்கிச் சட்டைக்காரனுக்கும் ஒரு சம்பந்தமும் தெரியவில்லை. ஆனால் சொன்ன பிறகு அந்தக் காதுகளை எல்லோராலும் அடையாளம் காண முடிந்தது.

"கல்யாணத்துக்கு முன்னால நாலு வருசம் மெட்ராஸ்ல இருந்திருக்காரு" என்றாள் முப்பிடாதி. "நாலு வருசத்துல கிடைச்சது அது ஒண்ணுதான். படம் இங்க வந்த மொத நாள், எனக்குக் காட்டணும்னு, புதுச்சேல எடுத்துக் குடுத்துக் கூட்டிக்கிட்டு வந்தாரு. யாருகிட்டயும் சொல்லல, திரையில பாத்து ஊரே தானா கண்டுபிடிக்கணும்னு ஆச. இந்த லைன்மேன் அண்ணன் எங்களுக்கு முந்தின வரிசையில இருந்து கத்துனாரு. அன்னைக்கு எந்திரிச்சு வெளிய போன மனுசன், இருபத்து நாலு வருசமா தியேட்டர் வாசலத் தாண்டி உள்ள வரல. சைக்கிளுக்குச் சாக்பீஸால நம்பர் போட்டுக்கிட்டுச் சுவத்துக்கு வெளியவே நிக்காரு. இந்தப் படம் வந்தா அம்பாசமுத்திரத்துல அவுக அக்கா வீட்டுக்குப் போயிருவாரு, எந் தம்பி ஸ்டாண்டப் பாத்துக்கிடுவான். இந்தத் தடவ தம்பிக்குக் கால்ல மாவுக்கட்டு. நேத்து அந்தச் சிரிப்ப சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு கேட்டுருக்காரு. ராத்திரி சோத்துல கை வைக்கல. இன்னும் ஆறு நாளு இருக்கு. ஒரு நாளைக்கு ரெண்டு ஆட்டம்."

பரமகுரு இருபது வருடமாக அந்த ஸ்டாண்டில்தான் சைக்கிள் விடுகிறார். அவர் சைக்கிளுக்கு மட்டும் நிழலான இடம்.

முப்பிடாதி போன பிறகு மூவரும் பேசினார்கள். அவர்கள் அவ்வளவு நேரம் ஒருவரைப் பற்றி இதற்கு முன் பேசியதில்லை. பரமகுருதான் ஆரம்பித்தார். தந்திக்காரர் நடந்து வருகிற கம்பீரத்தை இளமாறனிடம்கூடப் பார்க்க முடியாது என்றார். தாளை நீட்டுகிற விரல்களில் ஒரு நவரசம் இருப்பதாகச் சவரிமுத்து சொன்னார், ஐந்து விரலில் ஒன்பது ரசம் எப்படி வரும் என்று அவர் கணக்குப் பார்க்கவில்லை. ஆவுடையப்பன் மட்டும் மெட்ராஸிலேயே இருந்திருந்தால் இன்றைக்குச் சந்திரகாந்தன் சைக்கிள் ஸ்டாண்ட் வைத்திருக்க வேண்டியதுதான் என்று பரமகுரு கண் கலங்கச் சொன்னார். தன் வாழ்நாளில் சந்திரகாந்தனைத் தாழ்த்தி அவர் சொன்ன ஒரே வார்த்தை அது. ஸ்டெல்லா மட்டும், "இது எனக்குச் சரியாப் படல" என்று எழுந்து டூட்டிக்குப் போய்விட்டார்.

பொய்யாகப் புகழ்ந்தால் என்ன ஆகும் என்று அவர்களுக்குத் தெரியாதா என்றால், ஊரிலேயே நன்றாகத் தெரிந்தவர்கள் அவர்கள்தான். அன்பினால் சொல்கிற பொய் பொய்யில் சேராது என்று நினைத்துவிட்டார்கள்.

மத்தியான ஆட்டத்தில், ஏழாவது ரீலில், காக்கிச் சட்டைக்காரன் வந்தான். பட்டாபிஷேகத்துக்கு வருகிறவனைப் போல நெஞ்சை நிமிர்த்தி, ஒவ்வொரு அடியாக எடுத்து வைத்து வந்தான். தந்தியை விரல்களை விரித்து, மடக்கி, மறுபடி விரித்து நீட்டினான். கையெழுத்து வாங்கிக்கொண்டு, காமிராவைப் பார்த்து, புன்னகைத்து, பாராட்டுக் கூட்ட மேடையில் நிற்கிறவர்களைப் போல இரண்டு கைகளையும் கூப்பி ஒரு கும்பிடு போட்டான். பரமகுரு வாயில் துண்டைத் திணித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். ஆனால் யாரும் கத்த வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தியேட்டர் உருண்டு புரண்டு சிரித்தது. பெஞ்சுகள் ஆடின. சந்திரகாந்தன் தந்தியை மடித்துப் பையில் வைத்துத் தட்டியபோதும் சிரிப்பு அடங்கவில்லை. ஆப்பரேட்டர் அறையிலிருந்துகூடச் சிரிப்புச் சத்தம் வந்தது.

இடைவேளை வியாபாரத்தை விட்டுவிட்டு முப்பிடாதி கடைக்கு வந்தாள். இந்தத் தடவை கூடையை இறக்கி வைத்தாள், சண்டைக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"நான் உங்ககிட்ட என்ன கேட்டேன்? எம் புருசனுக்கு மால போடச் சொன்னனா? சிரிப்பாணி கேக்கக் கூடாதுன்னுதான கேட்டேன்? இருந்தது போதாதுன்னு கும்பிடு போட வச்சிட்டீகளே! நல்லா இருப்பீகளா வே நீங்க?"

"தாயி, அன்புலதான்..." என்றார் சவரிமுத்து.

"அன்ப வச்சு என்ன செய்ய? ரவிக்க தைக்கவா?"

ஸ்டெல்லா டூட்டி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார். "எக்கா, உட்காருங்க. ஒண்ணு கேக்கேன். அவரு ஏன் அப்படிப் பாத்தாருன்னு நீங்க கேட்டதுண்டா?"

"அதப் பத்திப் பேச்செடுத்தா எந்திரிச்சுப் போயிருவாரு."

"அப்ப நாம போயிக் கேப்போம்" என்றார் ஸ்டெல்லா.

சாயங்கால ஆட்டம் தொடங்கும் முன் நால்வரும் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனார்கள். ஆவுடையப்பன் சைக்கிள் சீட்டுகளில் சாக்பீஸால் எண் போட்டுக்கொண்டிருந்தார். பரமகுரு குனிந்து ஒரு சைக்கிளின் ஸ்டாண்டைச் சரியாகப் போட்டார். கேள்வியை ஸ்டெல்லாதான் கேட்டார், ஆஸ்பத்திரியில் எங்கே வலிக்கிறது என்று கேட்கிற குரலில். ஆவுடையப்பன் மேலும் மூன்று சைக்கிளுக்கு எண் போட்டார். பிறகு சாக்பீஸைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"அன்னைக்குக் காலையிலயிருந்து பச்சத் தண்ணி கிடையாது. அதுக்கு முந்தின நாளும் ஒரு வேளதான். ஷாட்டு முடிஞ்சாத்தான் சாப்பாடுன்னு சொல்லிட்டாங்க. காமிராவுக்குப் பக்கத்துல ஒரு ஆளு சாப்பாட்டுப் பொட்டலத்த வரிசையா அடுக்கிக்கிட்டு இருந்தான். எல பச்சையாத் தெரியுது. நான் அதத்தான் பாத்தேன். காமிரா எங்க இருந்துச்சுன்னே எனக்குத் தெரியாது, சிஸ்டர்."

"சாப்பிட்டீரா வே?" என்றார் சவரிமுத்து.

"ஷாட்டு முடிஞ்சு போறேன், ஆளு கணக்குல நான் இல்லேன்னுட்டான்."

சாயங்கால ஆட்டத்தில் தந்திக்காரர் மறுபடி கும்பிட்டார், மறுபடி சிரித்தார்கள். பேச்சின் பலன் மறுபேச்சு வரும்வரை நீடிக்கும். அந்தச் சிரிப்பு வரும்போது ஆவுடையப்பன் ஸ்டாண்டின் கடைசி மூலையில், சுவரிலிருந்து எவ்வளவு தள்ளி நிற்க முடியுமோ அவ்வளவு தள்ளி நின்றிருந்ததைப் பரமகுரு டிக்கெட் வாங்காமல் வெளியே நின்று பார்த்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பூசை முடிந்து ஜெகஜோதிக்கு வந்த ஸ்டெல்லா பேச்சைத் தொடங்கினார்.

"நான் ஒண்ணு சொல்லுதேன். அவரு நடிப்பு நல்லா இருக்குன்னு சொல்ல மாட்டேன். நடந்து வாரது மோசம். காலு ரெண்டும் ரெண்டு பேரோட காலு மாதிரி இருக்கு."

"ஆமா, அது மோசம்தான்" என்றார் சவரிமுத்து, தயங்கித் தயங்கி.

"தந்திய நீட்டும்போது கல்யாணப் பத்திரிக மாதிரி நீட்டுதாரு" என்றார் பரமகுரு. சொல்லிவிட்டு, தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று பார்த்தார்.

"சொல்லுங்க, அது உண்மைதான். ஆனா அந்தப் பார்வ இருக்கே," என்றார் ஸ்டெல்லா, "அத நான் பாத்திருக்கேன். நானே பாத்திருக்கேன் அப்படி. வார்டுல ஒருத்தரு இறந்துபோனா வராண்டாவுல நிக்கிற சொந்தக்காரங்ககிட்ட நான்தான போயிச் சொல்லணும்? சொல்லிட்டு அவங்க மூஞ்சியப் பாக்க முடியாது. திரும்பிப் போகவும் முடியாது. சன்னல் கம்பியப் பாப்பேன். சில நாளு காலையிலயிருந்து டீ குடிச்சிருக்க மாட்டேன், அங்க சாவு விழுந்து கிடக்கும், நான் கேன்டீன்ல டீ இருக்குமா, தீந்துபோயிருக்குமான்னு நினைச்சுக்கிட்டு நிப்பேன். வெக்கமா இருக்கும். ஆனா அப்படித்தான் இருக்கும். சேதி கொண்டு வாரவனுக்கும் வயிறுன்னு ஒண்ணு இருக்குல்லா? சந்திரகாந்தன் தட்டுதது பெரிய நடிப்புதான், நான் இல்லேங்கல. ஆனா அந்தச் சீன்ல சாவு நடந்த வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறது அந்தத் தந்திக்காரரு ஒருத்தருதான். நாம அதப் பாத்துச் சிரிச்சிருக்கோம்."

பரமகுரு ஏணியிலிருந்து இறங்குகிறவரைப் போல மெதுவாக மூச்சுவிட்டார். "நான் இத்தன நாளும் அவரு நம்மளப் பாக்காருன்னு நினைச்சேன், சிஸ்டர்."

"அவரு நம்மளப் பாக்கல."

"இல்ல. பாக்கல."

மத்தியான ஆட்டத்துக்கு நல்ல கூட்டம். கும்பிடு போடுகிற தந்திக்காரரைப் பார்க்கவே பக்கத்து ஊர்களிலிருந்து சைக்கிளில் டபுள்ஸ், ட்ரிபிள்ஸ் வந்திருந்தார்கள். ஸ்டாண்ட் நிரம்பி, ஆவுடையப்பனுக்கு எண்கள் முந்நூறைத் தாண்டின. உள்ளே மின்விசிறிகள் சுற்றின. ஏழாவது ரீல் வந்தது. ஓரத்தில் யாரோ இப்போதே சிரிக்கத் தயாராகி இருமிக்கொண்டார்கள். காக்கிச் சட்டைக்காரன் வந்தான். கொஞ்சம் கால் பின்னியபடி சாதாரணமாக நடந்து வந்து, சேதி என்னவென்று தெரிந்த ஆள் நீட்டுகிற மாதிரி தந்தியைச் சற்றுக் கீழாக நீட்டினான். கையெழுத்து வாங்கினான். பிறகு பார்த்தான். அதே பார்வைதான், கண் அதே அளவுக்கு விரிந்துதான் இருந்தது, ஒரு வித்தியாசம், பார்த்துக்கொண்டே எச்சிலை ஒரு தரம் விழுங்கினான். ஒல்லியான கழுத்தில் தொண்டைக்குழி ஏறி இறங்கியது.

யாரும் சிரிக்கவில்லை. சிரிக்கத் தயாராக இருந்தவர் இருமலை இருமலாகவே முடித்துக்கொண்டார்.

வெளியே ஆவுடையப்பன் சுவரிலிருந்து தள்ளிப் போய் நின்று காத்துக்கொண்டிருந்தார். தந்தி வருவதற்கு முந்தின பாட்டு முடிந்ததைக் கேட்டார். அதற்குப் பிறகு எத்தனை நொடியில் சிரிப்பு வரும் என்பது இந்த இரண்டு நாளில் அவருக்கு மனப்பாடமாகியிருந்தது. அந்த நொடி வந்தது, போனது. மேலும் சில நொடிகள் போயின. உள்ளிருந்து ஒரு சத்தமும் இல்லை. படம் அறுந்துவிட்டது என்று நினைத்தார். அறுந்தால் விசில் பறக்குமே, அதுவும் இல்லையே, ஐந்நூறு பேர் உள்ளே இருக்கிறார்களே, தீ கீ பிடித்துவிட்டதா என்று பதறி, சைக்கிள் டோக்கன் வில்லைகள் கோத்த வளையத்தைக் கையில் பிடித்தபடியே ஓடி, பக்கவாட்டுக் கதவின் திரையை விலக்கிக்கொண்டு உள்ளே போனார்.

படம் அறுந்திருக்கவில்லை. திரையில் அவர் நின்றுகொண்டிருந்தார்.

எப்போதும் அந்த இடத்தில் காட்சி வெட்டுப்பட்டு, சந்திரகாந்தனின் முகத்துக்குப் போய்விடும். இப்போது போகவில்லை. சந்திரகாந்தன் பிரிக்காத தந்தியைக் கையில் வைத்துக்கொண்டு, இந்த ஆள் போகட்டும் என்று மரியாதையாகக் காத்து நின்றார். காக்கிச் சட்டைக்காரன் போகாமல், கண் விரிய, ஏதோ ஒன்றைப் பார்த்தபடியே நின்றான். ஐந்நூறு பேரும் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தார்கள். இருட்டில் சிறிது நேரம் எடுத்துத்தான் ஆவுடையப்பனுக்கு அந்த முகம் தெளிந்தது. இருபத்திரண்டு வயது இருக்கும். சட்டைக் காலர் கழுத்தில் ஒட்டாமல் நின்றது. வயிறு முதுகோடு ஒட்டியிருந்தது.

"போதும்லே" என்றார் ஆவுடையப்பன். கத்தவில்லை, பக்கத்தில் நிற்கிறவனிடம் சொல்வதைப் போலத்தான் சொன்னார், ஆனால் அந்த அமைதியில் அது கடைசி வரிசைவரை கேட்டது. "போ. போயி எங்கயாவது சாப்பிடு."

காக்கிச் சட்டைக்காரன் தலையை ஆட்டினான். ரசீதுப் புத்தகத்தைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு திரும்பி நடந்து, படத்தின் ஓரத்தைத் தாண்டிப் போய்விட்டான்.

அதன் பிறகு சந்திரகாந்தன் தந்தியைப் பிரித்துப் படித்து, நான்காக மடித்து, பையில் வைத்துத் தட்டினார். அன்றைக்குப் போல அவர் என்றைக்கும் தட்டியதில்லை என்று ஆப்பரேட்டர் மட்டும் பின்னால் சொன்னார். மற்றவர்கள் யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் திரும்பி, பக்கவாட்டுக் கதவருகே கையில் வளையத்தோடு நிற்கிற ஆளைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் காதுகளைப் பார்த்தார்கள். முதலில் முன்வரிசையில் ஒருவர் எழுந்தார். "எண்ணே, அது நீங்களா?" என்றார். பிறகு ஒரு விசில். அந்த விசில் யாருடையது என்று ஊருக்குத் தெரியும். கம்பத்தின் மேலிருந்து கீழே நிற்கிறவரை இரண்டு விரலை வாயில் வைத்து அப்படிக் கூப்பிடுகிறவர் ஒருவர்தான். அதைத் தொடர்ந்து மற்ற விசில்கள். முப்பிடாதி கூடையிலிருந்த கடலையைக் கூம்பு கூம்பாகக் கட்டி, கேட்டவர் கேட்காதவர் எல்லோர் கையிலும் திணித்துக்கொண்டு போனாள். முந்நூற்றுச் சொச்சம் சைக்கிள்களும் முக்கால் மணி நேரம் ஆளில்லாமல் வெயிலில் நின்றன.

திங்கட்கிழமை காலையில் ஆவுடையப்பன் ஜெகஜோதிக்கு வந்தார். அந்தக் கடையில் அவர் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. பரமகுரு எழுந்து தன் ஸ்டூலைக் கொடுத்தார். உட்கார்ந்தார். சவரிமுத்து டீ சொல்லி அனுப்பினார்.

"வெள்ளிக்கிழம பெட்டி அடுத்த ஊருக்குப் போயிருமே" என்றார் பரமகுரு, மெல்லிய குரலில். "அங்க பழையபடி..."

"சிரிப்பாங்க" என்றார் ஆவுடையப்பன். டீயை ஊதிக் குடித்தார். "சிரிச்சிட்டுப் போறாங்க. அவங்களுக்கு என்ன தெரியும்?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"நான் ஒண்ணு சொன்னா கோவிச்சுக்கிடக் கூடாது."

"சொல்லும் வே."

"நேத்து சாயங்கால ஆட்டத்துல பெஞ்சுல உக்காந்து முழுசாப் பாத்தேன். எல்லாம் சரி. ஆனா உங்க சந்திரகாந்தன் இருக்காருல்லா, கையெழுத்துப் போடும்போது பேனா மூடியக் கழட்டவே இல்ல. மூடியோடயே போடுதாரு. ஷூட்டிங் அன்னைக்கே பாத்தேன். பெரிய ஆளு, நாம எப்படிச் சொல்லன்னு இருந்துட்டேன்."

பரமகுருவுக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. அப்படி இருக்கவே முடியாது என்றார். எத்தனை தடவை பார்த்திருப்பேன் தெரியுமா என்றார். தந்தி வாங்குகிற பதற்றத்தில் மனுசனுக்கு மூடியா ஞாபகம் இருக்கும் என்றார். பதற்றம் இருந்தால் எழுதாத பேனாவை உதறிப் பார்த்திருக்க வேண்டுமே என்றார் ஸ்டெல்லா. சவரிமுத்து கத்தரிக்கோலை மேஜையில் தட்டி, இளமாறனாக இருந்தால் மூடியைப் பல்லால் கடித்துக் கழற்றியிருப்பார் என்றார். ஆவுடையப்பன், தான் அந்த இடத்தில் ஒன்றரை அடி தூரத்தில் நின்றவன் என்றும், மற்றவர்கள் டிக்கெட் எடுத்துப் பார்த்தவர்கள்தான் என்றும், குரலை உயர்த்திச் சொன்னார். மத்தியான ஆட்டத்துக்கு மணி அடித்தும் பேச்சு முடியாததால் சைக்கிள்காரர்கள் கடை வாசலில் வந்து நின்று தாங்களே சாக்பீஸ் வாங்கி எண் போட்டுக்கொண்டார்கள்.

சாயங்கால ஆட்டத்தில் நால்வரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். தந்திக்காரர் வந்தார், தந்தியையும் ரசீதுப் புத்தகத்தையும் தன் சட்டைப் பையிலிருந்த பேனாவையும் கொடுத்தார். சந்திரகாந்தன் எழுதப் போனவர், நின்று, பேனாவைப் பார்த்து, மூடியைத் திருகிக் கழற்றினார். கழற்றியதை எங்கே வைப்பதென்று தெரியாமல் ஒரு கணம் விழித்தார். பிறகு அதைத் தந்திக்காரரிடமே நீட்டினார். தந்திக்காரர் வாங்கி, அவர் எழுதி முடிக்கும்வரை, உள்ளங்கையில் பத்திரமாக வைத்துக்கொண்டு நின்றார்.

"பாத்தீரா?" என்றார் ஆவுடையப்பன், பரமகுருவின் தொடையில் ஓங்கி ஒரு அடி அடித்து.